பெண்கள் வாசல்

அப்பா யாழ்ப்பாணத்தில் கட்டடக்கலைஞர். சிட்னியில், மற்றவர்கள் கட்டப்போகும் கட்டடங்களுக்குப் படம் கீறிக் கொடுப்பவர். எழுபதுகளின் நடுவில்தான் முதன்முறையாக அவரை நம்பி ஒரு வேலை தந்தார்கள். பழைய மதுச்சாலை ஒன்றை அளந்து, திருத்த வேலைக்குப் படம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும் என்பதால் அன்றுதான் அளக்கலாம். வீட்டில் தனியே கிடந்து அலுத்துப்போன அம்மா, என்னையும் இழுத்துக்கொண்டு கூடவே வந்தார். வந்தவர் நடைபாதையில் நின்றுவிட்டார்.

"தவறணைக்குள்ள நான் கால் வைக்கமாட்டன்."

இங்கிலாந்திலிருந்து வந்த யாரோ ஊர் ஏக்கத்தில் கட்டிய கட்டடம் அது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், அப்பாவின் தலையை இடித்த உத்தரங்கள், உள்ளே நடப்பதை மறைக்கும் மங்கல் கண்ணாடி. ஆண்கள் குடிக்கும் பக்கம் சுவரெல்லாம் ஓடு பதித்திருந்தது, தண்ணீர் அடித்துக் கழுவ வசதியாம். பக்கத்துத் தெருவில் சின்னதாக இன்னொரு கதவு. அதில் பெண்களுக்கு என்று எழுதியிருந்தது.

பெண்களுக்குத் தனி வாசல் வைத்த இடம் அம்மாவின் கணக்கில் தவறணையே இல்லை. நேரே உள்ளே போய்விட்டார்.

அங்கே கம்பளம், கணப்பு, சாய்ந்து உட்காரக் கதிரைகள். ஆண்கள் பக்கத்தை ஒரு மரச்சுவர் மறைத்தது. மதுச்சாலைக்காரரின் மனைவி மேல்மாடி வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். மாமியார், முழங்கால் வலி என்று இருவரும் பேசித் தீர்த்தார்கள். அம்மாவுக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு வந்த ஞாயிறுகளில் அப்பாவுக்கு முன்னமே அம்மா சேலை கட்டி, வடையும் சுட்டுக்கொண்டு நின்றார். அந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அந்த மனிசிதான்.

படம் முடிந்ததும் அப்பா அதைக் குசினி மேசையில் விரித்தார். பெண்கள் பக்கத்து மரச்சுவர் மட்டும் புள்ளிக்கோடாக இருந்தது.

"இந்தச் சுவர் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டார் அம்மா.

"அதை இடிக்கத்தானே இவ்வளவும் அளந்தது. இனிப் பெண்களும் முன்வாசலால போகலாம்."

"அது நிண்டா ஆருக்கு என்ன?"

"நான் கீறாட்டி வேற ஒருத்தன் கீறுவான்."

வேலை முடிந்து கடை திறந்தபோது அப்பா பெருமையோடு எங்களைக் கூட்டிப்போனார். ஒரே மண்டபம், நிறைய ஆண்கள், புகை, வானொலியில் குதிரைப் பந்தயச் சத்தம். சிநேகிதி பியர் ஊற்றியபடியே கை காட்டினார். பேச நேரமில்லை.

"வாரும், இப்ப உமக்கும் இந்தக் கதவுதான்," என்றார் அப்பா.

அம்மாவும் கை காட்டினார். பிறகு திரும்பி பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அழுதுகொண்டிருந்தார். கதவு அவ்வளவு அகலமாகத் திறந்து கிடக்கும்போது இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.