வாய்விட்டுச் சொல்லப் பயந்தேன்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். யாராவது கேள்வி கேட்டால் இன்றும் எழுந்து நின்றுவிடுவேன். அதனால்தான், சின்னமனூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கிற வாழைக்காய் ஷெட்டுக்கு ஒரு மேடம் வரப்போகிறார், ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு வேலையைப் பற்றிக் கேட்பார் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் காய் வெளிநாட்டுக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆள் அவர். "அவுக கோளாறா எதுவும் எழுதிட்டா லோடு நின்னுபோகும், பாத்துக்கங்க" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். லோடு நின்றால் ஷெட் கிடையாது. ஷெட் இல்லையென்றால் பழையபடி இருட்டோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு போன வருஷங்கள் அவை.

என்னைக் கூப்பிட்டதும் கையிலிருந்த வாழைக்காய்ச் சீப்பு நழுவித் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. பக்கத்தில் காய் கழுவிக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "என்ன மதினி, பொண்ணு பாக்கவா வந்திருக்காக? இப்பிடி வேர்க்குது!"

ஆபீஸ் அறையில் மேடம் மட்டும் இருந்தார். சென்னைப் பேச்சு. முன்னால் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். மலை வேலை என்றேன். பிறகு, "இந்த வேலை உங்களுக்குத் திருப்தியா இருக்காம்மா?" என்றார்.

திருப்திதான். ஆனால் நன்றாக இருக்கிறேன் என்று நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன மறுநாளே ஏதாவது வந்து சேரும் என்று பயம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

"ஏதோ ஓடுது மேடம்."

அவர் நிமிர்ந்தார். "ஏன் அப்படிச் சொல்றீங்க? என்ன குறை? பயப்படாம சொல்லுங்க."

"குறையெல்லாம் இல்லை... நல்லாத்தான்... ஏதோ..."

"இப்படித்தான் பேசணும்னு யாராவது சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லை!" என் குரல் எனக்கே பொய் மாதிரி இருந்தது. அவர் பேனாவை எடுத்தார். எழுத ஆரம்பித்தார். போச்சு, இத்தனை பேர் பிழைப்பையும் நானே மூடப்போகிறேன் என்று நினைத்தேன்.

"எழுதாதீக மேடம்! இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, நெசமா. சொன்னா கண்ணு பட்டுப்போகும்னுதான் சொல்லலை. மலைக்குப் போறப்ப வீடு வந்து சேர்றமான்னு தெனமும் பயம். இங்கன அது இல்லை. தண்ணியில நின்னு நின்னு காலு புண்ணாகுது, பூட்ஸ் குடுத்தா நல்லது. வேற ஒண்ணுமில்லை."

பூட்ஸ் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

மேடம் சிரித்துவிட்டார். எழுதியதை அடித்தார். "எதை முதல்ல எழுதட்டும், பூட்ஸா?"

"பிடிச்சிருக்கதை மொதல்ல எழுதுங்க."

தொட்டிக்குத் திரும்பியதும் பக்கத்துக்காரி, "என்ன கேட்டாக?" என்றாள்.

"வேலை பிடிச்சிருக்கான்னு. பிடிச்சிருக்குன்னுட்டேன்."

அவள் சிரிப்பு நின்றுபோனது. "வாய்விட்டா சொன்னீக?"

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட்டேன். லோடு லாரி ஷெட் வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவள் எனக்கும் முன்னால் வந்து அந்த லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.