பெருநாள் விடுமுறையில் கொழுத்த செல்கள்

தொண்ணூறுகளில் ஒரு வருடம் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ஒட்டிக்கொண்டு வந்தன. பினாங்கு முழுக்க ஒரே கொண்டாட்டம். எனக்கோ அந்த விடுமுறையை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

அப்போது நான் கெலுகோரில் ஒரு சின்னத் தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். தீக்காயம் பட்டவர்களிடம் நல்ல தோலில் ஒரு துண்டு எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைக் குடுவைகளில் வளர்த்து, மெல்லிய ஏடாகப் படர்ந்ததும் புண்ணில் ஒட்டக் கொடுப்போம். அந்த மாதம் எங்களிடம் வளர்ந்தது ஒரு துறைமுகத் தொழிலாளியின் தோல். நெஞ்சும் தோளும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார் மனிதர்.

செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது ஊட்டநீர் மாற்ற வேண்டும். “எல்லாரும் லீவுக்குப் போங்க. நான் இங்கதானே இருக்கேன், பாத்துக்கறேன்லா” என்று சாவியை வாங்கிக்கொண்டார் முதலாளி. வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர். நம்பி ஈப்போவுக்குப் போனேன். அவரோ ஒருநாள்கூடக் கதவைத் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புகளில் ரெண்டாங் கறி தின்றுகொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால், ஒரு குடுவையைத் தவிர மற்றவற்றிலெல்லாம் செல்கள் செத்துக் கிடந்தன. அந்த ஒன்று மட்டும் பட்டினியிலும் அடர்ந்து நிரம்பியிருந்தது. முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“பாத்தியாம்மா, எவ்ளோ ஸ்ட்ராங்! இதையே வளர்த்து ஒட்டிறலாம்.”

கூட இருந்ததெல்லாம் சாகும்போது ஒன்று மட்டும் கொழுக்கிறது என்றால் அதற்குள் ஏதோ மாறியிருக்கிறது. சோதிக்காமல் தர மாட்டேன் என்று சண்டை போட்டுக் குரோமோசோம்களை எண்ணினேன். மனித செல்லில் நாற்பத்தாறு இருக்க வேண்டும். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நாற்பத்தேழு இருந்தன. இப்படி மாறிய செல்கள் புண்ணில் ஒட்டிய பிறகும் அடங்காமல் பெருகினால் அது புற்றுநோயில் போய் முடியலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை இன்னொருவன் நெஞ்சில் ஒட்டிப் பார்க்கலாம் என்ற அந்தத் திமிரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவரோட சொந்தத் தோல்தானேம்மா, ஒண்ணும் ஆகாதுலா” என்றார் முதலாளி.

“அப்ப உங்க நெஞ்சுல ஒட்டிக்குவீங்களா சார்?”

அவர் கண் முன்னாலேயே குடுவையில் பிளீச்சை ஊற்றினேன்.

புதிதாகத் தொடங்க இன்னொரு துண்டுத் தோல் வேண்டும். அதை நோயாளியின் வீட்டாரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள் என்று முதலாளியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலில் தொழிலாளியின் மனைவி நின்றிருந்தார். “சின்ன டெக்னிக்கல் பிராப்ளம்” என்று முதலாளி இழுத்தார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். செல்களுக்கு ஆகாரம் போட யாரும் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மா கத்தவில்லை. “மொதல்ல வெட்டுன எடமே இன்னும் ஆறல. மறுபடி வெட்டணுமா?” என்று கேட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார். “ஒங்களுக்குப் பெருநாள் லீவு சார். அந்தப் புண்ணு எங்க வீட்டுக்காரருக்கு ஒருநாளாவது லீவு குடுத்துச்சா?”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, அடுத்து தைப்பூச லீவு வருது. அந்தத் தோலுக்கு என்ன போடணும்னு சொல்லிக் குடுங்க, நானே வந்து போடறேன். சாவி யாருகிட்ட இருக்கு?”

முதலாளி தரையைப் பார்த்தார். நான் அவர் முன்னால் கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவில்லை.