வெள்ளிக்கிழமைச் சத்தம்

குவைத்தில் ஜும்மா தொழுது, ரூமில் எல்லோரும் சேர்ந்து ஆக்கின பிரியாணியைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் போன் செய்வார். இங்கே திருச்சியில் சாயங்கால அஸர் பாங்கு சொல்கிற நேரம் நெருங்கிவிடும். ஸலாம் சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

“வண்டி எப்படி இருக்கு?”

பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

“நல்லா இருக்கு. மூணு வேளையும் சாப்புடுது” என்பேன்.

“ஸ்டார்ட் பண்ணு. கேக்கறேன்.”

பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. உள்ளே நுழைந்ததும் வருகிற நடையில் அந்த பைக்கை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். காலால் உதைக்கிற கிக்கர் கிடையாது, பட்டனை அமுக்கினால்தான் ஓடும். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு, சாவியைத் திருப்பிப் பட்டனை அமுக்குவேன். வண்டி உறுமும், நடை முழுக்கப் புகை சூழும், கொடியில் காய்கிற துணியெல்லாம் பெட்ரோல் நாற்றம் அடிக்கும். அந்தப் பக்கத்தில் அவர் மட்டுமா, ரூமில் இருப்பவர்கள் எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “அண்ணே, சவுண்டு அருமையா இருக்குண்ணே” என்று யாரோ சொல்வது எனக்கே கேட்கும். இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, புகை பொறுக்காமல் அணைத்துவிடுவேன்.

மகளைக் கட்டிக் கொடுத்ததும் வந்துவிடுவேன் என்றுதான் அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது வாங்கிய வண்டி அது. “இந்த ஒரு தடவை போயிட்டு முடிச்சுட்டு வந்துடறேன். வந்ததும் இதுலதான் ரெண்டு பேரும் சுத்தப்போறோம்” என்று சொல்லிவிட்டு, சீட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் விமானம் ஏறினார். மகள் மாமியார் வீடு போன பிறகு வீட்டில் நானும் அந்தச் சக்களத்தியும்தான். தினமும் துடைப்பேன். திட்டிக்கொண்டேதான் துடைப்பேன். ஆனாலும் அது அங்கே நிற்கிறவரைக்கும் மனிதர் வந்துவிடுவார் என்று எனக்கு ஒரு தைரியம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டனை அமுக்கியபோது ‘டிக் டிக்’ என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வண்டி அடங்கிப்போனது. மறுபடி அமுக்கினேன். முன்விளக்கு மங்கி, அதுவும் போய்விட்டது.

“என்ன ஆச்சு?” என்றார்.

“தெரியலைங்க. கிளம்ப மாட்டேங்குது.”

“வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணியும் பேட்டரி போயிடுச்சா?” என்றார். அப்புறம், “சரி விடு. யாராவது கேட்டா குடுத்துடு” என்றார்.

இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று முந்தைய வாரமே இழுத்திருந்தார். வண்டியை விற்கச் சொன்னால் கையெழுத்துப் போடப்போகிறார் என்று அர்த்தம். “குடுக்க மாட்டேன்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் நான் ரிசப்ஷனில் இருக்கிறேன். அங்கே ரத்தம் எடுக்கிற மாமிக்கு ஸ்ரீரங்கம். மறுநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளிக்கிழமைச் சத்தக் கதையைக் கேட்டு மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“போன்ல உக்காந்துண்டு சத்தம் கேக்கறாரா? நன்னா இருக்கு போ. எங்காத்துலயும் ஒண்ணு நிக்கறது. என் பிள்ளை அமெரிக்கா போறச்சே விட்டுட்டுப் போனான். எங்காத்து மாமா அதுக்கு என்னமோ மாட்டி வெச்சு உயிரோட வெச்சிண்டிருக்கார். ஞாயித்துக்கிழமை வா, காட்டறேன்.”

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டிப் போனேன். அடுக்குமாடிக் கட்டடம், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் தூணோரமாக உறை போட்டு ஒரு பைக். மாமா கைலாசபுரத்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் வண்டி ஓட்ட முடியாது. ஆனால் அதற்குச் செய்கிற பணிவிடையில் ஒரு குறை கிடையாது. பெட்ரோல் பழசானால் மாற்றுவார், டயரில் காற்றுப் பார்ப்பார். உறையைத் தூக்கிக் காட்டினார். பேட்டரியிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து, சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. தூணில் இருந்த பிளக்கில் செருகியிருந்த அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சும்மா நிக்கற வண்டியிலயும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்மா. இது அந்தக் குறையை மட்டும் அப்பப்போ ரொப்பிண்டிருக்கும். ரொம்பினா தானே நிறுத்திக்கும். சிவப்பு எரிஞ்சா ஏறிண்டிருக்கு, பச்சை எரிஞ்சா ரொம்பிடுத்து.”

“நான் வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணினேனே மாமா?”

“எத்தனை நேரம்?”

“ரெண்டு நிமிஷம்.”

மாமா மெதுவாகச் சிரித்தார். “பட்டனை அமுக்கறச்சே பேட்டரிலேர்ந்து ஒரு பெரிய வாய் எடுத்துடறது. ரெண்டு நிமிஷம் நின்ன இடத்துல ஓடினா அதைத் திருப்பிக் குடுக்க முடியாது. லைட் வேற எரியறது. நீ வாரா வாரம் எடுத்துண்டே இருந்திருக்கே.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் ஆசையாகக் கேட்கக் கேட்க, அதுதான் வண்டியைக் கொன்றிருக்கிறது.

மாமா வீட்டிலிருந்து அதே மாதிரி இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். “ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு வேணுமேன்னு வாங்கி வெச்சேன். உங்காத்துக்காரர் வந்தப்புறம் திருப்பிக் குடு, போறும்” என்றார்.

கிளம்பும்போது மாமி என்னோடு வாசல்வரை வந்தார். பைக்கின் உறையை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னார். “அஞ்சு வருஷமா பச்சை லைட் எரியறதுடி. வித்துடும்மாங்கறான் பிள்ளை. நான்தான் மாட்டேங்கறேன்.” கிளினிக்கில் ஊசியைப் பார்த்து அழுகிற குழந்தைகளைச் சிரிக்க வைக்கிற மாமி அவர். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது கண்ணில் நீர் வந்தது காற்றால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா சொல்லிக் கொடுத்தபடி சிவப்பு வயரைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நாள் முழுக்கவும் சிவப்புதான். செத்துப்போனது செத்துப்போனதுதான் என்று நினைத்திருந்தபோது, அதற்கு மறுநாள் விடியக்காலை ஃபஜ்ரு தொழ எழுந்து நடைக்கு வந்தால் பச்சை. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்தச் சக்களத்தியின் டேங்கில் ஒரு முத்தம் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பட்டனை அமுக்கியதுமே வண்டி எகிறிக்கொண்டு கிளம்பியது. அந்தப் பக்கம் ரூமே கை தட்டியது. நான் அணைத்துவிட்டு, சார்ஜர் கதையைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

“அப்போ கவலையே இல்லை. அது பாட்டுக்கு நிக்கட்டும். கம்பெனியில ரொம்பக் கேக்கறாங்க. இன்னும் ரெண்டு வருஷம்தானே, இன்ஷா அல்லாஹ் ஓடிடும். வண்டியும் கெடாது.”

விற்கச் சொன்னாலும் அங்கேதான் இருப்பார், விற்காவிட்டாலும் அங்கேதான் இருப்பார். எனக்கு அந்தத் தூணோரம் எரிகிற பச்சை விளக்கு ஞாபகம் வந்தது. அப்படியே பொங்கிக்கொண்டு வந்தது.

“ஆமாங்க, வண்டி கெடாது. அதுக்குத்தான் சார்ஜர் மாட்டியாச்சே. எனக்கு எதை மாட்டிவிடப்போறீங்க?” என்றேன். “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு நிமிஷம் போன்ல கேட்டுட்டு வெச்சிடறீங்க. எனக்கும் அது பத்தலைங்க. இறங்கிட்டே வருது. நானும் ஒருநாள் கிளம்பாம நின்னுட்டா, என்னையும் யாராவது கேட்டா குடுத்துடுவீங்களா?”

 ரூமில் ஏசி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. ஸ்பீக்கரில் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன், எல்லோரும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். அவர்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்தானே.

“அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார்.

‘அப்புறம்’ என்றவர் அந்த வாரம் முழுக்கக் கூப்பிடவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயை அடக்கியிருக்கலாமே என்று ஒரு மனசு, சொன்னது சரிதான் என்று இன்னொரு மனசு. வெள்ளிக்கிழமை வந்தது. போனை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

ஸலாம் சொன்னார். அப்புறம், “நீ எப்படி இருக்கே?” என்றார்.

இழுத்துப் போட்ட ஸ்டூலில் நானே உட்கார்ந்துவிட்டேன்.

“கம்பெனியில முடியாதுன்னு சொல்லிட்டேன்” என்றார். “கணக்கு முடிச்சுக் குடுத்ததும் வந்துடறேன்.”

“வண்டியைக் கேக்கலையா?”

“அது கிடக்குது, போ.”

வந்தார். சீட்டு உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதல் நாள் சாயங்காலமே என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே போகலாம் என்றார். சார்ஜரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஸ்ரீரங்கம் போங்கள் என்றேன். குவைத்தில் காரிலேயே போய்ப் பழகிய மனிதர், மேடு பள்ளம் பார்க்காமல் விட்டார். காவிரிப் பாலத்தில் அவர் முதுகில் குத்திக்கொண்டே போனேன்.

மாமா பெட்டியை வாங்கிக்கொண்டு, கீழே வந்து தன் பைக்கைக் காட்டினார். என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா மாமா?” என்று கேட்டார். மாமா சாவியை நீட்டினார். சாவியைக் கையில் வாங்கியவர் பட்டனை அமுக்கவில்லை. மாமியைப் பார்த்தார்.

“தம்பிக்குப் போன் போடுங்க மாமி. இப்ப அங்க விடிஞ்சிருக்கும்ல?”

“அவன் ஆபீஸ் கிளம்பிண்டிருப்பான். அவனுக்கு எதுக்கு இதெல்லாம்?”

“போடுங்க, சொல்றேன்.”

மாமி போட்டார். “என்னம்மா, என்ன விஷயம்? மீட்டிங் இருக்கு” என்று பிள்ளையின் குரல் அவசரமாகக் கேட்டது. என் வீட்டுக்காரர் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். நான் எங்கள் நடையில் ஸ்டூலில் வைப்பேனே, அதே இடம். அப்புறம் பட்டனை அமுக்கினார்.

தூண்களுக்கு நடுவே அந்தச் சத்தம் மோதித் திரும்பியது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வண்டியை அணைத்தார்.

“கேட்டதாடா?” என்றார் மாமி குனிந்து.

பதில் இல்லை. “லைன் போயிடுத்துபோல” என்று மாமி போனை எடுக்கக் கை நீட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையை மறித்தார்.

“இருங்க மாமி. வெச்சிடாதீங்க. லைன்லதான் இருக்காரு.”