பெயிண்ட் அடிக்காத சுவர்

ஓவியர் சாரை நினைத்தால், என் சித்தி வீட்டு முன்சுவரில் உள்ளங்கையைப் பதித்துக் கண்களை மூடி அவர் நின்ற கோலம்தான் முதலில் வருகிறது. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வெயிலில் வெளுத்த பச்சை, அது உரிந்த இடத்தில் நீலம், அதற்கும் அடியில் சுண்ணாம்பு, முழங்கால் உயரத்துக்கு மழை தெறித்த செம்மண். வாசலை அவர் மறித்து நின்றதால் உள்ளே போக வழியில்லாமல் சித்தி அவர் பின்னால் துணி வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

ரவாங்கில் அவர் நடத்திய வகுப்பில் நான் மாணவி. துருவும் பாசியும் விரிசலும் போதும், உருவமே வேண்டாம் என்று அவர் சொல்லித்தந்தது எனக்குப் பைத்தியமாகப் பிடித்துப்போனது. இன்றும் நான் வரைவது அதைத்தான். ஆனால் கலை பிடித்தால் கலைஞரையும் பிடித்தாக வேண்டும் என்று சட்டம் இல்லையே. ஊரார் வீட்டு விரிசல் அவருக்குக் காலத்தின் கையெழுத்து. தன் கொண்டோமினிய அடுக்குமாடி வீட்டில் மயிரிழை அளவு விரிசல் கண்டால் அன்றைக்கே ஆளை வரவழைத்துப் பூசிவிடுவார்.

"அம்மா, நான் படத்த முடிக்கிற வரைக்கும் இதுக்குப் பெயிண்ட் அடிச்சிடாதீங்க."

"தீபாவளி வருதே சார்."

"தீபாவளி வருசா வருசம் வரும். இந்தக் கறை வருமா?"

படித்தவர் கேட்கிறார் என்று சித்தி தலையாட்டிவிட்டார். எங்கள் பக்கம் தீபாவளிக்கு முன்னால் லயம் முழுக்கப் பெயிண்ட் வாடை அடிக்கும். பெயிண்ட் அடிக்காத வீடு என்றால் அந்த வருசம் சாவு விழுந்த வீடு. யாரும் சொல்லித் தெரிவதில்லை. சாரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவருக்கு இது தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, சித்தி மகளைப் பெண் பார்க்க கெர்லிங்கிலிருந்து வந்தார்கள். பையன் அவளோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவன் அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே இருவரும் ஒரு வருசம் போராடியிருந்தார்கள். வேன் வாசலில் நின்றது. அந்த அம்மா இறங்கவில்லை. வரிசையாகப் புதுச் சுவர்கள், நடுவில் இது.

"யாரு தவறிட்டாங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நல்ல காரியத்துக்கு வந்த எடம்."

"ஐயோ, யாரும் தவறலம்மா. இந்த சார்தான் அடிக்க வேணாம்னாரு," என்றார் சித்தி.

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். வாசலோரம் பலகையும் வண்ணமுமாக உட்கார்ந்திருந்தார். "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்று ஒரு வரி போதும். அவரோ தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு விதத்துல துக்கந்தானேம்மா. காலமே ஒரு சாவுதான்," என்றார்.

பழத்தட்டுகள் வேனுக்குள் திரும்பிப் போயின. சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். சித்தி மகள் பட்டுச்சேலையோடு பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் அடித்து மிஞ்சிய ரோஸ் பெயிண்டையும் ரோலரையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், நகருங்க."

"நாசம் பண்ணாதம்மா, இன்னும் கால்வாசி பாக்கி இருக்கு."

அவள் அடிக்கத் தொடங்கிவிட்டாள். பச்சை போனது, நீலம் போனது. பையன் வேனிலிருந்து இறங்கிச் சட்டைக் கையை மடித்தான். "மேல ஒனக்கு எட்டாதுலா, குடு." பாதிச் சுவர் ரோஸாகும்வரை அவன் அம்மா வேனுக்குள்ளேயே இருந்து பார்த்தார். பிறகு, "ஓரத்த விட்டுட்டான் பாரு. வீட்லயும் இப்பிடித்தான்," என்று முணுமுணுத்தபடி தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

போன மாதம் கோலாலம்பூரில் சாரின் கண்காட்சி. நடுச்சுவரில் அந்தப் படம். பெயர் 'துக்கம்'. அழிய இருந்த ஒரு சுவரைத் தான் மீட்டதாக வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சித்தி மகளும் அவள் கணவனும் போயிருந்தோம். படம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலே அதுதான். மீதிக் கால்வாசியை நினைவிலிருந்தே முடித்திருந்தார்; ஒரு கறைகூட இடம் மாறவில்லை, செம்மண் தெறிப்புகூடத் தப்பவில்லை.

சித்தி மகள் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இதுல யாரு செத்தாங்க?"

சார் புன்னகையோடு திரும்பினார்.

"நல்ல கேள்விம்மா. நீங்க எங்கேருந்து வர்றீங்க?"