அரைக்காதனுக்கு ஒரு தாய்மாமன்

வெளியில் சொல்லக் கூச்சமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பதைத் தாண்டி, கல்யாணமும் ஆகி, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று பெயர் ஏறிய பிறகு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஒரு காட்டில் வாழும் இல்லாத ஓர் இனத்தாருக்குத் தாய்மாமன் முறை கிடையாது என்று நண்பனிடம் தொண்டை கட்டும்வரை வாதாடியிருக்கிறேன். அதுவும் காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு. காட்டுக்குள் சாகசம் செய்யப் போகிறவன் வேறு எதைப் போடுவான் என்று நானே யோசித்துத் தைத்துக்கொண்டது அது. தையல்காரர் அளவெடுக்கும்போது, "போலீஸ் செலக்‌ஷனுங்களா?" என்று கேட்டார். என் மார்பளவைக் குறித்த பிறகு மறுபடி கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இருந்த பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது, "நீதான் கண்டதையும் படிக்கிறவனாச்சே" என்று ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். விளையாட்டுச் சாமான் என்றார். திறந்தால் பலகை இல்லை, காய் இல்லை. ஒரு தடித்த புத்தகமும் வழக்கத்துக்கு மாறாக இருபது முகம் வைத்த ஒரு பகடையும்தான் இருந்தன. ஆளுக்கொரு கற்பனை மனிதனை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். "குகைக்குள் பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய்?" என்று அவர் கேட்டால், "வெட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். வெட்டு விழுந்ததா, நம் தலை விழுந்ததா என்று எண் சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு.

நான்தான் நடுவர். சேர்ந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவன் ஷெட்டுக்குச் சொந்தக்காரன். இன்னொருவன் கோழிப்பண்ணை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆசாரிகள் வராததால் ஷெட் காலியாகக் கிடக்கும். பாதி கட்டிய லாரியின் பலகைத் தளம்தான் எங்கள் குகை, காடு, கோட்டை எல்லாம்.

இரண்டாவது வாரமே பகடை உருண்டு மரத்தூள் குவியலுக்குள் போய்விட்டது. மூன்று பேரும் சலித்துப் பார்த்தும் ஆணிதான் கிடைத்தது. பண்ணைக்காரன் ஒரு முட்டை அட்டையைக் கொண்டுவந்தான். முப்பது குழியில் இருபதுக்கு எண் எழுதி, மீதிப் பத்தையும் வெறுமனே விட்டோம். கோலிக்குண்டைத் தூக்கிப் போட்டால் அது குதித்துக் குதித்து ஏதாவது குழியில் உட்காரும். எண்ணில்லாக் குழியில் விழுந்தால் மறுபடி போட வேண்டும். அமெரிக்கப் பகடையைவிட இது நேர்மையானது என்று ஷெட்டுக்காரன் சொல்வான். அவனுக்குத்தான் அடிக்கடி இருபது விழுந்தது.

இனி அந்த இனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் மனிதர்கள் உண்டு. எல்ஃப் என்று கூரான காது வைத்த காட்டுவாசிகள் உண்டு; நூற்றுக்கணக்கான வருடம் இருப்பார்கள், இருட்டில் கண் தெரியும். ஓர்க் என்று கோரைப்பல் வைத்த முரடர்கள் உண்டு. இவை போக, மனிதத் தகப்பனுக்கும் எல்ஃப் தாய்க்கும் பிறந்த பாதி எல்ஃப், அதேபோல் பாதி ஓர்க். எனக்குப் புத்தகத்திலேயே பிடித்த பகுதி அதுதான். பாதிப் பிறவிக்கு என்னென்ன பாதியாகக் கிடைக்கும் என்று கடைக்காரர் நிறுத்துப் போடுவதுபோல் எழுதியிருந்தார்கள். இருட்டில் பார்வை முழுதாக உண்டு. எல்ஃபிடம் பலிக்கவே பலிக்காத தூக்க மந்திரம் இவனிடம் பெரும்பாலும் பலித்துவிடும். ஆயுசு நடுத்தரம். பெற்றவர்களின் இரண்டு இனமும் அவனைத் தள்ளியே வைக்கும். இதை யார் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரே ஆவலாக இருந்தது.

"ஓர்க்கு எப்படி இருப்பான்?" என்று கேட்டான் ஷெட்டுக்காரன்.

"சாம்பல் நிறம். பெரிய பல்லு. பேச்சுக்கு முன்னாடி கை நீளும்."

"அட, என்ற மாமனாட்டமா. நான் பாதி ஓர்க்குப்பா, எழுதிக்க."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "ஏப்பா வாத்தியாரே, அப்பன் மனுசன்னா பையனும் மனுசன்தான? பொறவு பாதி எங்கிருந்து வந்துது? நம்மூர்ல அப்பன் எந்தக் கூட்டமோ புள்ளையும் அந்தக் கூட்டம். அம்மா ஊட்டுக்காரங்க சீர் கொண்டாந்து வெச்சிட்டுச் சாப்பிட்டுப் போவாங்க. இதுல பாதியும் காலும் எதுக்கு?"

பக்கத்தில் இருந்த பண்ணைக்காரன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அந்தப் பாதிக் காது கூரானவன எனக்குக் குடு" என்றான்.

ஏன் கேட்டான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியையை வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டவன். பெண்ணுக்கு உடன்பிறந்தவர் ஓர் அண்ணன் மட்டும்தான். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு வரவில்லை, பெண் குழந்தை பிறந்ததற்கும் வரவில்லை. இப்போது குழந்தைக்குக் காது குத்த வேண்டும். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். இவன் அப்பா, "முறைக்கு நம்ம பக்கத்துல ஒரு மாமன உக்கார வெச்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். அந்த ஆசிரியை அம்மாள் ஒரே பேச்சாகச் சொன்னது, "எங்கண்ணன் மடி இல்லைன்னா எம்பொண்ணுக்குக் காதே குத்த வேண்டாம்." பண்ணை வீட்டில் அதற்குப் பிறகு யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாள் மட்டும் குறித்தாகிவிட்டது.

ஷெட்டுக்காரனின் கணக்குப்படி பாதி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் பண்ணை வீட்டுக்கு வருகிற பங்காளிகள் அந்தக் குழந்தையை, "ஆத்தூர்க்காரி புள்ளை" என்றுதான் கொஞ்சினார்கள். இந்த இரண்டும் ஒரே ஊரில், ஒரே வாயில் எப்படிப் பொருந்துகின்றன என்று அமெரிக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் இல்லை.

விளையாட்டுக்கு வருகிறேன். குகைக்குள் புதையல் இருக்கிறது என்று நான் மூன்று வாரமாகக் கதை கட்டிக்கொண்டிருந்தேன். பாதி ஓர்க் கோடாலியோடு வாசலில் நிற்கிறான். அப்போது நம் அரைக்காதன், அதாவது பாதி எல்ஃபான பண்ணைக்காரன், "நான் குகைக்கு வரல. காட்டுக்குப் போறேன். அம்மாவோட அண்ணனப் பாக்கோணும்" என்றான்.

"அப்படி யாரும் இல்லை" என்றேன்.

"அம்மா இருக்கறப்போ அண்ணன் எப்படி இல்லாமப் போவான்?"

"புத்தகத்துல இல்லப்பா. எல்ஃப் இனத்துல தாய்மாமன் முறையே சொல்லல."

"உன்ற புஸ்தகத்துல கோழிகூடத்தான் இல்ல. நான் என்ன பண்ணை வெக்காம இருக்கறனா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. நான் விதியைக் காட்டினேன். அவன் விதியை எழுதியவனின் தாய்மாமனை விசாரித்தான். காக்கிக் கால்சட்டையின் கௌரவம் போய்விடும் என்று எனக்குப் பயம். கடைசியில் பாதி ஓர்க்தான் கோடாலியை இறக்கி வைத்தது. "ஏப்பா, கத்தாதீங்க. மாமன் இருக்கறானா இல்லையான்னு அட்டைல போட்டுப் பாத்தர்லாம்."

கோலிக்குண்டு இரண்டு முறை வெறுங்குழியில் விழுந்தது. மூன்றாவது முறை பதினெட்டில் உட்கார்ந்தது. மாமன் பிறந்துவிட்டார்.

பிறந்தவரை நடுவர்தான் பேசவைக்க வேண்டும். நான் தளத்தின் மேல் ஏறி நின்று, நூற்றுக்கணக்கான வருடம் வாழ்ந்து சலித்த குரலில், "யாரடா நீ?" என்றேன். அரைக்காதன் முதலில் மன்னிப்புக் கேட்டான். கோலியைப் போட்டான், நான்கு. மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து, கப்பல் நிறையப் பரிசு கொண்டுவருவதாகச் சொன்னான். மாமனுக்குக் கோபமே வந்துவிட்டது. எனக்கே என் நடிப்பு பிடித்துப்போனது.

அப்புறம் அவன் கோலியைக் கீழே வைத்தான். குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் கையை மடக்கி, அதன் தலையை ஒருபக்கம் திருப்புவதுபோல் செய்தான்.

"இன்னும் குத்தலீங்க" என்றான்.

மாமன் தளத்திலிருந்து கீழே இறங்கிவிட்டார். கோலியைப் போடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "அட, குத்தி உட்றச் சொல்லுப்பா" என்றான் ஷெட்டுக்காரன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மரத்தூள் என்று சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இல்லை. பண்ணையின் முட்டை வேனில், குழந்தையையும் அதன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, ஆத்தூருக்குப் புறப்பட்டோம். பண்ணைக்காரன் மச்சானிடம் பேசவேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததால் வேனை நான் ஓட்டினேன். சமாதானத் தூதுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று காக்கிக் கால்சட்டையைப் போட்டிருந்தேன். ஷெட்டுக்காரனை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பேச்சுக்கு முன்னாடி கை நீளும் என்பது விளையாட்டுக்காகச் சொன்னதல்ல.

ஆலைக் களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. கண் கூசியது. அந்த அம்மாளின் அண்ணன் பலகைக் கட்டையால் அதைத் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், கட்டையை நிறுத்தவில்லை. ஆனால் உள்ளே பார்த்து ஏதோ குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்மணி பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து, மற்றவர்களைத் தாண்டி நேராக வேனுக்கு வந்து எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். படித்தவனுக்குரிய மரியாதை ஆத்தூரில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

பண்ணைக்காரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஜவ்வரிசியின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. குழந்தையின் தலையைத் திருப்பினான்.

"காது இன்னும் குத்தலீங்க மச்சான்."

"அதான் தெரியுதே" என்றார் அவர். நான்கு தள்ளுத் தள்ளிவிட்டு, "எந்தக் கோயில்ல?" என்று கேட்டார்.

"எங்க குலதெய்வங்க."

"அப்போ எங்க சாமி சும்மா உக்காந்திருக்குமா?"

இந்த இடத்தில்தான் என் படிப்பு உதவப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. பாதிப் பிறவிக்கு எல்லாம் பாதிப் பாதி என்று புத்தகமே சொல்கிறதல்லவா? வேனிலிருந்து இறங்கிப் போய், "ஒரு காதை இங்கே குத்திவிடலாம், இன்னொன்றை அங்கே. இரண்டு சாமிக்கும் ஆயிற்று" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பண்ணைக்காரனிடம்தான் பேசினார். "புள்ள என்ன மரவள்ளிக் கெழங்கா, நறுக்கிக் களத்துல காயப்போட?"

நான் டம்ளரோடு வேன் பக்கம் திரும்பி நடந்தேன். அப்போது அந்த அம்மாள் முதல் தடவையாக வாய் திறந்தார். அண்ணனைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கவே கேட்டார். "கோயில் அவங்களுது. மடி உன்னுது. வர்றியா, இல்லையாண்ணா?"

அவர் கட்டையைத் தள்ளிக்கொண்டு களத்தின் கடைசிவரை போனார். அங்கே நின்றார். திரும்பித் தள்ளிக்கொண்டே வந்து குழந்தையின் முன் நிறுத்தினார். கை முழுக்க வெள்ளை மாவு. ஒரு விரலை வேட்டியில் துடைத்துவிட்டு அதன் காது மடலைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னிக்கு வச்சிருக்கீங்க?" என்றார்.

குறித்த நாளில் அவர் நாமக்கல் பக்கத்துக் கோயிலில் பங்காளிகளுக்கு நடுவே, ஒருவரோடும் பேசாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை மடியில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து வீறிட்டது. ஆசாரி, "ஆச்சு சாமி, ஆச்சு சாமி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு காதையும் குத்தினார். அது மாமன் வயிற்றில் உதைத்த உதையில் அவர் வேட்டி நழுவியது. இரு பக்கத்தாரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்கு அந்த ஒரு முறைதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது, பண்ணைக்காரனுக்கும்தான். ஓரமாகத் தூணில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அங்கே மரத்தூள் எதுவும் இல்லை.

பந்தியில் எனக்கு மாமன் பக்கத்தில் இடம் கிடைத்தது. விடுவேனா? அமெரிக்கப் புத்தகம், பாதிப் பிறவிகள், முட்டை அட்டை, பதினெட்டாம் குழி, அவருக்குப் பதிலாக நானே மாமனாக நின்றது எல்லாவற்றையும் ரசம் வரும்வரை சொன்னேன். இந்தக் காதுகுத்து நடந்ததே ஒரு கோலிக்குண்டால்தான் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டுமென்று எனக்கு ஆசை. அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"தோடு புள்ள பொறந்தப்பவே செஞ்சு வச்சாச்சுங்க" என்றார். "வந்து கூப்புடத்தான் ஆளில்ல."

பிறகு இலையை மடித்துவிட்டு என் காக்கிக் கால்சட்டையைப் பார்த்தார். முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது.

"இவ்வளவு படிச்சவரு, ஏங்க முட்டை வேனுக்கு டிரைவரா வந்தீங்க?"