மணிக்கூண்டின் மேல் ஒரு புகார்

எழுந்திருக்க முடியாதவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டே விரிப்பை மாற்றுவது ஒரு தனி வித்தை. ஆளை ஒருபக்கமாகச் சாய்த்து, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, அதன் பின்னாலேயே புதியதை விரித்துக்கொண்டு வர வேண்டும். அன்று மாலை மணிக்கூண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்று நோயாளியின் தோளைப் பிடித்திருந்தேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"ரிவர்ஸ் எடுக்கறப்போ ஹார்ன் அடிக்க மாட்டியாம்மா?" என்றார்.

"வண்டி கண்டிஷன் அப்படி. பேசாம கம்பியைப் பிடிங்க," என்று அவர் கையைக் கட்டில் விளிம்பில் எடுத்து வைத்தாள்.

நெட்டையானவள், நிமிஷம் பிசகாமல் மாத்திரை கொடுப்பவள். அதனால் இந்த முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் அவள் மணிக்கூண்டு. வயது நாற்பத்து நான்கு. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. நாற்பத்தைந்து ஆகிவிட்டால் அந்த நாட்டில் விசா கிடையாது. அவளுக்கு அது ஆக இரண்டே மாதம் இருந்தது. ஒரு காகிதம்தான் பாக்கி: முன்பு ஐந்து வருடம் வேலை பார்த்த நாட்டிலிருந்து, அவள்மேல் குற்றப்பதிவு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழ்.

அதற்குப் பத்து விரல் ரேகையையும் மையில் பதித்து அனுப்ப வேண்டும். இரண்டு முறை அட்டை திரும்பி வந்தது. ரேகை தெளிவில்லையாம். இருபது வருடம் கிருமிநாசினியில் ஊறிய விரலில் எப்படித் தெளிவாக இருக்கும்? எங்கள் தொழிலில் பலருக்கும் ரேகை தேய்ந்துதான் கிடக்கும்.

"ரேகையே இல்லாதவ என்ன திருடினாலும் பிடிக்க முடியாது, பெரியம்மா," என்று சிரித்தாள்.

விரல் தோல் தேறட்டும் என்று பத்து நாள் களிம்பைப் பூசிக் கையுறை மாட்டிக்கொண்டு திரிந்தாள். இருவரும் ஒரே அறையில் குடியிருக்கிறோம். பாத்திரம் கழுவுவதெல்லாம் என் தலையில் விழுந்தது. மூன்றாவது அட்டையை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று விரிப்பை நான்கு மூலையிலும் செருகிவிட்டுக் கை கழுவிவந்து கைபேசியைப் பார்த்தாள். சான்றிதழ் வந்திருந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அவள் அங்கே வேலை பார்த்த வீட்டிலிருந்த வலிமருந்து காணாமற்போனதாக ஒரு புகார். சந்தேகத்துக்குரியவர் என்று அவள் பெயர். விசாரணை முடியவில்லை.

"அந்தப் பெட்டியைத் தேடிக் கொடுத்ததே நான்தானே, பெரியம்மா?"

அந்தக் கதை எனக்குத் தெரியும். அவளே பலமுறை சிரித்துச் சிரித்துச் சொன்னதுதான். அது அந்த நாட்டிலேயே குடியேறிவிட்ட ஒரு தமிழ் டீச்சரின் வீடு. டீச்சருடைய அம்மாவுக்கு முதுகெலும்பில் வலி. தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் கொடுத்திருந்தார்கள். போதை தரக்கூடிய மருந்து என்பதால் கடையில் எண்ணித்தான் கொடுப்பார்கள். தொலைந்தால், போலீஸில் எழுதிக் கொடுத்த ரசீது இல்லாமல் மறுபெட்டி கிடைக்காது. ஒருநாள் பெட்டியைக் காணோம். டீச்சர் வெளியே போய்ப் புதுப் பெட்டியோடு வந்தார். மூன்றாம் நாள் பழைய பெட்டி அந்த அம்மாளின் தலையணை உறைக்குள் இருந்தது. யாரும் திருடிவிடக் கூடாதென்று அவரே ஒளித்துவைத்திருக்கிறார்.

அறைக்கு வந்ததும் டீச்சரை அழைத்தாள். ஸ்பீக்கரில் போடு என்றேன்.

"அக்கா! இப்பதான் அம்மா உங்களைக் கேட்டாங்க, நூறு ஆயுசு உங்களுக்கு!"

"போலீஸ்ல என் பேரைக் கொடுத்தீங்களா, டீச்சர்?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"அதுவா... அது சும்மா ஃபார்மாலிட்டிதான்க்கா. யார் மேல சந்தேகம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. காலியா விட்டா வாங்க மாட்டேன்னுட்டாங்க."

"வீட்டுல நீங்க இருந்தீங்க. உங்க தம்பி இருந்தாரு."

"எங்க பேரை எப்படிக்கா போடறது? நாங்க இங்கயே இருக்கிறவங்க. நீங்க எப்படியும் ஊருக்குப் போயிடுவீங்கன்னுதான்..."

"பெட்டி கிடைச்சப்புறமாவது வாபஸ் வாங்கியிருக்கலாமே?"

"போனா பொய்ப் புகார்னு என் மேலயே திரும்பும். ஸ்கூல்ல தெரிஞ்சா வேலை போச்சு. அம்மாவை யாரு பார்ப்பா? வேணும்னா உங்களைப் பத்திப் பிரமாதமா ஒரு லெட்டர் எழுதித் தரேன்."

"லெட்டர் எழுத முடியுது. வாபஸ் எழுத மட்டும் கை வரலை, இல்ல?" என்று வைத்துவிட்டாள்.

அவள் அழவில்லை. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்புதான்.

"ஏர்போர்ட்ல என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதாங்க, பெரியம்மா. அப்போ அந்தப் புகாருக்கு எட்டு மாசம் வயசு. எட்டு மாசமும் தினம் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டோம். சாதம் போதுமாக்கான்னு கேப்பாங்க."

இதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வீடுகளில் தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகும் நாங்கள் நாள் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுவோம். பழைய செய்திகளைத் தேடினாள். அரைமணி நேரத்தில் கிடைத்தது. 'மருந்துப் பெட்டி தலையணை உறைக்குள் கிடைத்தது. ஐந்து பட்டையும் உள்ளன.' கீழே டீச்சரின் கையெழுத்து. அதற்கு அவர் அனுப்பிய பதிலும் இருந்தது: 'அப்பாடா! நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும், அக்கா!'

"இதை அனுப்பினா அவங்க வேலை போயிடுமே," என்றாள்.

"போகலாம். அனுப்பலேன்னா உன் வேலை போகும். பொய் சொன்னது நீயா அவங்களா?"

"அந்த அம்மாவை நினைச்சாத்தான்..."

"காலி வயித்துல யோசிக்காதே. முதல்ல சாப்பிடு," என்றேன். சாப்பிட்டாள். படுத்தாள். தூங்கினாளா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நோட்டரி அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். நடந்ததைத் தேதி வாரியாகத் தன் கைப்படவே எழுதியிருந்தாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை. டீச்சரின் பெயர், பள்ளி, கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. குறிப்புப் பக்கத்தையும் பதிலையும் அச்செடுத்து இணைத்து, முத்திரை வாங்கி, டீச்சர் இருக்கும் நாட்டின் போலீசுக்குக் கூரியரில் போட்டாள். இன்னொரு உறையில் டீச்சரின் விலாசத்தை எழுதி ஒரு நகலை வைத்தாள்.

"அவங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"நான் முதுகுக்குப் பின்னால பண்ணலை," என்றாள்.

பிறகு அவளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பவிருந்த ஏஜென்சிக்குப் போனோம். புகார் பதிவாகியிருந்த சான்றிதழை அப்படியே மேஜைமேல் வைத்து, விவரத்தை முதலிலிருந்து சொன்னாள். போலீஸ் பதில் வரும்வரை ஃபைலை அனுப்ப முடியாது, அதற்குள் வயது தாண்டினால் எதுவும் செய்ய முடியாது என்றான் அங்கிருந்தவன். தெரியும் என்று சொல்லி, தான் எழுதியதன் நகலை அவனிடமும் ஒன்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.