வெள்ளி டம்ளரில் பால்

ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு போயிருந்தது. விழுங்குவதும் தடுமாற்றம். மூக்குக் குழாயை அவரே இரண்டு தடவை பிடுங்கிப் போட்டிருந்தார். "வாய் வழியாப் பழக்கிப் பாருங்கம்மா. பத்து நாள்ல தேறலைன்னா வயித்துல துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வேம்பாரிலிருந்து தினமும் பஸ் ஏறி ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட இருபது வயது இளையவள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணாச்சி. வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, குடிக்கிற எல்லாவற்றிலும் ஒரு பவுடரைப் போட்டுக் கூழ் பதத்துக்குக் கலக்கச் சொல்லித் தந்தாள். நிமிர்ந்து உட்காரவைத்து, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கால் ஸ்பூன். தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த கால் ஸ்பூன். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துக்கொண்டேன்.

முதல் நாள் ஆறு ஸ்பூன் உள்ளே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம், நர்ஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, சாத்தான்குளத்திலிருந்து அவருடைய அக்கா ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினாள். அழுதுகொண்டே, "என் கையால தம்பிக்கு ஒரு வாய் குடுக்கேன்" என்றாள். வந்தவர்களுக்கு முன்னால் கௌரவமாக இருக்கட்டுமே என்று நான்தான் வெள்ளி டம்ளரை எடுத்து அதில் பாலைக் கலந்து கொடுத்தேன். அக்கா கொடுத்தாள், அத்தான் கொடுத்தார், அப்புறம் சித்தப்பா மகன். நான்காவது ஆள் ஸ்பூனை நீட்டியபோது அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாளும் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. கையில் டிரிப் ஏற்றி ஓட்டினோம். நர்ஸ் கெஞ்சினாள். நான் திட்டினேன். "இந்தப் பிடிவாதத்தக் கடையோட வச்சுக்கணும், குழாய் வேணுமா ஒங்களுக்கு?" என்று கத்தியதெல்லாம் உண்டு.

நான்காம் நாள் காலையில் அதே டம்ளரோடு கட்டிலருகே நின்றேன். பார்த்ததும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதே ஹாலில் என் மாமனார் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது அவருக்கு இதே டம்ளரில்தான் பால் ஊற்றினோம். வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு வாய். முதல் ஆளாக ஊற்றியவர் இவர்.

"நாங்க கடைசிப் பால் ஊத்துதோம்னு நினைச்சிட்டியளா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. தலையணை நனைந்தது. மூன்று நாள் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறார். நான் பக்கத்தில் நின்று திட்டியிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நர்ஸிடம் சொன்னேன். அவள், "அண்ணாச்சி கடைக்குப் போறதுக்கு முன்ன என்ன குடிப்பாவ?" என்று கேட்டாள். கருப்பட்டிக் காப்பி, சட்டை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில்.

இருவருமாகத் தூக்கி மேசையருகே நாற்காலியில் உட்காரவைத்தோம். சட்டை போட்டுவிட்டேன். பவுடர் போட்ட காப்பி, அவருடைய பழைய எவர்சில்வர் டம்ளரில். நர்ஸ் ஸ்பூனை அவருடைய இடது கையில் கொடுத்து, தன் கையைக் கீழே முட்டுக் கொடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

ஒன்பதாம் நாள் அக்கா மறுபடி வந்தாள். வாசலிலேயே கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். மேசையில் இருந்தவர் ஒரு ஸ்பூன் காப்பியை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு ஸ்பூனை மெதுவாக எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். தம்பி ஆசையாகக் கொடுக்கிறானே என்று அவளும் வாங்கிக்கொண்டாள்.

"அட கருமமே, பசை மாதிரில்லா இருக்கு!"

அவர் தோள் குலுங்கியது. நர்ஸ் பாய்ந்து வந்தாள்.

"அண்ணாச்சி, மொதல்ல முழுங்குங்க! பெறகு சிரிங்க!"

அவர் நாடியைத் தாழ்த்தினார். தொண்டை ஏறி இறங்கியது. அப்புறம் சிரித்தார்.